வேர்ல்ட் இன் ஃப்ளேம்ஸ்: மேசையிலா, கணினியிலா?

இரண்டாம் உலகப் போர் முழுவதையும் ஆடவைக்கும் பலகை விளையாட்டு இது. ஆஸ்திரேலியன் டிசைன் குரூப் 1985இல் வெளியிட்டது. மேட்ரிக்ஸ் கேம்ஸின் கணினி வடிவம் 2013இல் வந்தது. இரண்டிலும் நிறைய இரவுகளைத் தொலைத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்க?

முதலில் வீட்டைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான அட்டைக் காய்களை மாதக்கணக்கில் கலைக்காமல் வைக்க ஓர் அறை வேண்டும். ஒரு டர்ன் என்பது போரில் இரண்டு மாதம். நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஒருநாள் யாரோ ஃபேனை ஐந்தில் வைத்துவிட, கிழக்குப் போர்முனையே தரையில் கிடந்தது. அறை இல்லையென்றால் கணினிதான்.

தனியாக ஆடுவேன். கணினி எதிர்த்து ஆடுமா?

பலர் ஏமாறுவது இங்கேதான். கணினி எதிராளி இல்லாமலேதான் அது வெளியானது. தனியாக ஆடினால் இரு தரப்பையும் நீங்களே நகர்த்த வேண்டும். எதிராளிக்காகவே வாங்குவதானால், இன்றைய பதிப்பில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்படியானால் கணினியால் என்னதான் லாபம்?

கணக்குப்பிள்ளை வேலை மிச்சம். மூலப்பொருள் எந்தக் கடல் வழியாக எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது, எந்தப் படைக்கு சப்ளை அறுந்தது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மேசையில் பிஸ்கே விரிகுடாவில் ஒரு கான்வாய் (சரக்குக் கப்பல் கூட்டம்) மூழ்கினால், பிரிட்டனின் உற்பத்தியைக் காகிதத்தில் மறுபடி கூட்ட வேண்டும். ஆனாலும் கணினி போடும் கான்வாய் கணக்கை அப்படியே நம்பாதீர்கள், ஒருமுறை சரிபாருங்கள்.

இரண்டும் ஒரே ஆட்டம்தானே?

விதி ஏறக்குறைய ஒன்று, வரைபடம் வேறு. மேசையில் ஆசியா, பசிபிக் பகுதிகளுக்கு ஐரோப்பாவை விடச் சுருக்கிய அளவு. கணினியில் உலகம் முழுக்க ஐரோப்பிய அளவுதான், மொத்தம் 70,200 அறுகோணக் கட்டங்கள். இதனால் சீனாவில் ஆட்டமே மாறிவிடுகிறது. மேசையில் தோளோடு தோள் நிற்கும் படைகளுக்கு நடுவே, கணினியில் கட்டங்கள் கூடுவதால் ஓட்டை விழும், ஜப்பான் அதில் நுழைந்துவிடும். மேசைப் பழக்கத்தில் சீனாவை ஆடி நான் இரண்டு முறை உதை வாங்கினேன்.

விதிப்புத்தகம் படிக்காமல் கணினியில் தொடங்கலாமா?

வேண்டாம். தப்பான நகர்வைத் தடுக்கும், ஏன் தப்பு என்று பாடம் எடுக்காது. பார்பரோசா (1941இல் சோவியத் மீதான ஜெர்மனியின் படையெடுப்பு) போன்ற சிறிய ஆட்டத்தில் தொடங்குங்கள்.

நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம்.

வாசல் (Vassal) என்ற இலவச மென்பொருளில் காய்களை நகர்த்தி ஆடலாம். அது விதியைக் கண்காணிக்காது. சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் ஏன் இன்னும் மேசையை விடவில்லை?

அமெரிக்கா போரில் இறங்குவது ரகசியமாக எடுக்கும், எண் எழுதிய சில்லுகளைப் பொறுத்தது; எண் பெருகப் பெருகப் போர் நெருங்கும். ஒருமுறை நான் ஜப்பான். எதிரே அமெரிக்காவாக ஆடிய நண்பர் ஒரு சில்லை எடுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கவிழ்த்து வைத்துவிட்டு, "முறுக்கு இருக்கா?" என்றார். சின்ன எண்தான் என்று நம்பிச் சீனாவில் இன்னும் ஒரு நகரத்தைத் தாக்கினேன். அடுத்த டர்னில் அமெரிக்கா போர் அறிவித்தது. முறுக்கையும் அவரே தின்று முடித்திருந்தார்.