கேள்வி - பதில்: யாகூத் மொழி

யாகூத் ரஷ்ய மொழியின் கிளையா? எழுத்து ஒன்றாகத்தானே தெரிகிறது?
*- வாசகர், ராயபுரம்*

எழுத்து மட்டும்தான் ஒன்று. அதுவும் இன்றைய வடிவில் 1939-இல்தான் வந்தது. அதற்குச் சற்று முன் லத்தீன் வடிவில் எழுதினார்கள். மொழியோ துருக்கியக் குடும்பம். பேசுபவர்கள் தங்களைச் 'சகா' என்பார்கள். 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 4.5 லட்சம் பேர் பேசினார்கள். ரஷ்யாவுக்குள் இருக்கும், பரப்பில் இந்தியாவை நெருங்கும் சகா குடியரசில், ரஷ்யனோடு இதுவும் ஆட்சிமொழி.

தமிழ் மட்டும் தெரிந்தவர் கற்க முடியுமா? எங்கே இடறும்?
*- வாசகி, பெரம்பூர்*

வாக்கிய அமைப்பு இடறாது. 'மின் கினிகெனி ஆஹ்தும்' என்றால் 'நான் புத்தகத்தைப் படித்தேன்'. வரிசையும் அதே, வேற்றுமை உருபும் வினையில் ஏறும் விகுதியும் அதே இடத்தில். குறில் நெடில் நமக்குப் பழக்கம்: 'அத்' குதிரை, 'ஆத்' பெயர். 'அது' என்பதன் கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிறோமே, அந்தக் குற்றியலுகரத்துக்கு நெருங்கிய உயிர் அங்கே தனி எழுத்தாகவே உண்டு.

சிரமம் உதடு குவிக்கும் இரண்டு உயிர்களில். நாக்கை 'இ'க்கு வைத்து உதட்டை 'உ'வுக்குக் குவியுங்கள். பிறகு 'எ'க்கு வைத்து 'ஒ'வுக்கு. இதை விட்டுவிட்டால் உயிரிசைவு விதி குழம்பிவிடும், ஏனெனில் விகுதியின் உயிர் சொல்லின் உயிரைப் பார்த்தே மாறும். பன்மை விகுதிக்கு மட்டும் 16 வடிவங்கள்: அத்தர் (குதிரைகள்), சிர்தெர் (நிலங்கள்), ஒகொலொர் (குழந்தைகள்). மரங்கள், நாட்கள், பசுக்கள் என்று சொல்லும் நாம் பயப்பட வேண்டியதில்லை. பட்டியலை உருப்போடாமல் சொல்லோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று: நம் 'கு', 'இல்' இரண்டின் வேலையையும் அங்கே ஒரே உருபு பார்க்கிறது. கட்டளையில் மட்டும் புதிதாக ஓர் உருபு வரும்: 'ஊதா அகல்' என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா, 'ஊனு அகல்' என்றால் அந்தத் தண்ணீரைக் கொண்டு வா.

அச்சிடும் சிறப்பு மலருக்கு யாகூத் வரிகள் வந்தன. அச்சில் நடுநடுவே கட்டம் விழுகிறது.
*- டிடிபி கடைக்காரர், வண்ணாரப்பேட்டை*

ரஷ்யனில் இல்லாத 5 எழுத்துகள் யாகூத்தில் உண்டு. உங்கள் எழுத்துருவில் அவை இல்லை. நோட்டோ சான்ஸ் அல்லது டெஜாவூ சான்ஸ் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் 'சகா' விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்தில் ஒன்று ஆங்கில 'ஹெச்' போலவே இருக்கும்; அவசரத்துக்கு அதற்குப் பதில் ஆங்கில 'ஹெச்' தட்டிவிடாதீர்கள்; கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தேடினால் சொல் கிடைக்காது. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தில் மறுபடி கட்டம்தான்.