பூட்டியிருந்த வீடுகள்

அன்புள்ள ஐயா,

பல் மருத்துவம் முடித்து இரண்டு வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தேன். இப்போது ஒரு பெருநகரப் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பள்ளியில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "இதைப் படித்தால் யாருக்கு வைத்தியம் பார்ப்பாய்?" என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் பருவத்தில் பாதிக்கு மேல் புள்ளியியல். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நகரத்துக்கு வெளியே, அமைதியான வளாகம் கொண்ட இன்னொரு பல்கலைக்கழகத்திலும் இடம் இருக்கிறது. நீங்கள் இதே படிப்பைப் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. என்னிடமும் கேட்டார்கள். நான் நீளமாக விளக்க ஆரம்பித்தேன், கேட்டவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

கிளினிக்கில் உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்தான் உங்கள் கணக்கு. இன்றைக்கு இருபது பேருக்குச் சொத்தைப் பல் என்றால் இருபது, அவ்வளவுதான். வராதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சொத்தை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை. இந்தப் படிப்பில் அந்த வராதவர்கள்தான் பாடம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சின்ன வகுப்பில் படித்திருப்பீர்கள். இத்தனை நாள் தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இனி பகுதியைத் தேடி அலையப் போகிறீர்கள்.

முதல் வாரமே உங்களுக்கு ஜான் ஸ்னோ என்ற ஆங்கில மருத்துவரின் கதையைச் சொல்லிவிடுவார்கள். 1854, லண்டன், பிராட் தெரு, காலரா. அந்தத் தெரு அடிபம்புத் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று அவர் சொல்ல, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது. கைப்பிடியைக் கழற்றும் முன்பே அங்கே சாவு குறையத் தொடங்கியிருந்தது என்று ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார். கதை சொல்கிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள், சுவை போய்விடும் என்பதால்.

எனக்குப் பிடித்தது அதே வருடம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே அவர் செய்த வேலை. அங்கே ஒரே தெருக்களில் இரண்டு கம்பெனிகள் குழாய் போட்டுத் தண்ணீர் விற்றன. லாம்பெத் கம்பெனி 1852-இல் நகரத்துச் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்குப் போய் அங்கிருந்து ஆற்றுநீரை எடுக்க ஆரம்பித்திருந்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துக்குள்ளேயே, சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் மற்றது. ஸ்னோ சாவு விழுந்த வீடுகளின் கதவைத் தட்டி, உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டார். பலருக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் கட்டணம் கட்டுவது வீட்டுக்காரர், குடியிருப்பவருக்கு என்ன தெரியும்? சரி என்று ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து, மேலே முகவரி எழுதி எடுத்துப் போனார். அதில் சில்வர் நைட்ரேட் விட்டால், உப்பு மிகுந்த வாக்ஸ்ஹால் தண்ணீர் வெள்ளையாகத் திரிந்துவிடும். லாம்பெத் தண்ணீர் லேசாக மங்குவதோடு சரி.

இப்போது கணக்குக்கு வருவோம். வாக்ஸ்ஹால் தண்ணீர் போன வீடுகளில் 1,263 சாவு, லாம்பெத் வீடுகளில் 98. இதை மட்டும் காட்டினால், "எங்களுக்கு வாடிக்கையாளர் அதிகம், சாவும் அதிகம்தான்" என்று கம்பெனி சொல்லிவிட்டுப் போகும். வீடுகளின் எண்ணிக்கையைக் கீழே போட்டார் ஸ்னோ: அங்கே 40,046, இங்கே 26,107. பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 மறுபக்கம். காலராக் கிருமி என்ற ஒன்று இருப்பதையே மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. கையில் இருந்தது வகுத்தல் கணக்கு மட்டும்.

ஆக, புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். சூத்திரத்தைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். கீழே எந்த எண்ணை எழுதுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குவோம்.

நான் சறுக்கிய கதையைச் சொல்கிறேன். முதல் களப்பணி, ஆறு மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் ஓடவில்லை. வீடு வீடாகப் போய், யாருக்காவது மூச்சிரைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். நாற்பது வீட்டில் இருபத்தாறு திறந்தன, மூன்றில் உண்டு என்றார்கள். இருபத்தாறில் மூன்று என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூட்டியிருந்தது எத்தனை? நீ போனது எத்தனை மணிக்கு?" என்றார். பதினான்கு, காலை பதினொரு மணி. "ராத்திரி போ" என்றார்.

போனேன். நான்காவது மாடியில் ஒருவர் ஒரு காலில் ஷூவோடு கதவைத் திறந்தார். கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலை, ராத்திரி ஷிஃப்ட். இன்ஹேலர் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. "சீக்கிரம் கேளுங்க, பஸ் போயிடும்" என்றார். அந்தப் பதினான்கில் பதினொன்று திறந்தன, நான்கில் மூச்சிரைப்பு. பகலில் திறக்காத கதவுக்குப் பின்னால்தான் நோய் அதிகம் இருந்திருக்கிறது. நாற்பது வீட்டுக் கணக்கு, பெரிதாக ஒன்றும் நிரூபணம் ஆகாது. ஆனாலும் அந்த ஒற்றை ஷூ இன்னும் கண்ணில் நிற்கிறது.

நகரமா, அமைதியான வளாகமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. நகரம் என்றால் படியிறங்கினால் களம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916-இல் பால்டிமோர் நகரில் பொது சுகாதாரத்துக்கென்று தனிப் பள்ளி ஒன்றை நிறுவியது. 1932-இல் நகரச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து பக்கத்துப் பகுதி ஒன்றையே மாணவர்களின் பயிற்சிக் களமாக்கிக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு அசிங்கமும் உண்டு. பள்ளியைச் சுற்றி வாழ்கிறவர்களிடம் வருடாவருடம் புதுப் பிள்ளைகள் படிவத்தோடு போவார்கள், அதே கேள்வியைக் கேட்பார்கள், முடிவை யாரும் திரும்பப் போய்ச் சொல்லமாட்டார்கள். நான் படித்த இடத்திலும் அப்படித்தான். அந்த ஷூக்காரருக்கு நானும் சொல்லவில்லை. ஆகவே சேரும் முன் பள்ளியில் கேளுங்கள்: களப்பணியின் முடிவு யார் கைக்குப் போகிறது? பதில் தடுமாறினால் அந்த அமைதியான வளாகத்தைப் பற்றியும் யோசிக்கலாம். மற்றபடி என் ஓட்டு நகரத்துக்கே.

அப்புறம், அப்பாவுக்கு. உங்கள் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரம், 1945 ஜனவரியில் உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தைப் பல் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. (எவ்வளவு கலக்கலாம், கலக்கத்தான் வேண்டுமா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதையும் படிப்பீர்கள்.) ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் மஸ்கிகன் நகரத்தை ஃப்ளூரைடு கலக்காமல் வைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1951-இல் தாங்களும் கலந்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு ஒப்பிட ஊர் இல்லாமல் போனது. மஸ்கிகன்காரர்கள் செய்தது சரியா தப்பா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.