பறிகொடுத்தவர் எங்கே?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடங்களாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் வீடு புகுந்து திருடுகிறவன். தங்கையின் அறுவை சிகிச்சைக்காகத் திருட ஆரம்பிக்கிறான். பணக்காரர்கள் வீட்டில் மட்டும்தான் கை வைப்பான், யாரையும் அடிக்க மாட்டான். இதைப் படித்த இரண்டு நண்பர்கள், குற்றவாளியை இப்படி நல்லவனாகக் காட்டினால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். இன்னொருவர், அவன் திருடுவதற்குச் சொல்லும் காரணம் போதவில்லை, இன்னும் வலுவாக வேண்டும் என்கிறார். ஒரு குற்றவாளியை வாசகர் நேசிக்க எவ்வளவு காரணம் தேவை? அவனே கதை சொல்வதுபோலத் தன்மையில் எழுதினால் இரக்கம் கூடுமா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சூத்ரகரின் மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கிய அதே நாடகம். அதில் ஒரு திருடன் வருகிறான். அவனைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சை விடுங்கள். 1899இல் ஹார்னங் என்பவர் ராஃபிள்ஸ் என்ற கனவான் திருடனை வைத்துக் கதைத் தொகுப்பு வெளியிட்டார். அவருடைய மைத்துனர் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில். குற்றவாளியை நாயகனாக்கக் கூடாது என்று அவர் ஹார்னங்கிடமே சொன்னார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அதே பேச்சு. உங்கள் நாவலின் ஒரு வரியைக்கூட அது திருத்தப்போவதில்லை. தன்மையா படர்க்கையா என்பதும் அப்படித்தான். எது கைக்கு வருகிறதோ அதில் எழுதுங்கள்.

காரணத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம். தங்கையின் நோய் போதவில்லை என்று ஒருவர் சொன்னால் அம்மாவுக்கும் ஒரு நோய் கொடுப்பீர்களா? அதுவும் போதவில்லை என்றால் வீட்டைக் கொளுத்துவீர்களா? நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது ஜாமீன் மனு. பணக்காரர்களிடம் மட்டும்தான் எடுத்தான், கனம் கோர்ட்டார் அவர்களே, யாரையும் அடிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு மனிதனோடு வாழ்ந்துவிட்டு அவனை இப்படிக் கூண்டில் நிறுத்தி வாதாடிக்கொண்டிருக்கலாமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திருடன் இருக்கிறான், தங்கை இருக்கிறாள், நண்பர்கள் இருக்கிறார்கள். பறிகொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. ‘பணக்காரர்கள்’ என்ற ஒரே பன்மைச் சொல்லுக்குள் அத்தனை பேரையும் போட்டு மூடிவிட்டீர்கள்.

மிருச்சகடிகத்தின் திருடன் பெயர் சர்விலகன். நள்ளிரவில் சாருதத்தன் என்பவன் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்க, அதாவது துளை போட்டு உள்ளே நுழைய, வருகிறான். துளையை எந்த வடிவத்தில் போடுவது என்று யோசிக்கிறான். மலர்ந்த தாமரையா, பிறை நிலாவா, பூரண கும்பமா? காலையில் ஊரார் பார்த்து வியக்க வேண்டும் அல்லவா. அளவு நூலை மறந்துவிட்டு வந்ததால் பூணூலைக் கழற்றி அளக்கிறான். இத்தனையும் காதலுக்காக. வசந்தசேனை என்ற கணிகையிடம் அடிமையாக இருக்கும் மதனிகையை விலை கொடுத்து மீட்க வேண்டும். இவனைப் பிடிக்காமல் போகுமா? எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் சூத்ரகர் அந்தச் சுவரோடு நிற்கவில்லை. விடிகிறது. வீடு சாருதத்தனுடையது, நகை அவனுடையதல்ல. வசந்தசேனை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன அடைக்கலப் பொருள். சாருதத்தன் வாழ்ந்து கெட்டவன். நகை திருட்டுப் போய்விட்டது என்று ஒரு ஏழை சொன்னால் எவன் நம்புவான்? அவனே எடுத்துக்கொண்டான் என்றுதான் ஊர் பேசும். திருடியவன், இதை நிந்திக்கிறேன், ஆனாலும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு நகையோடு போய்விடுகிறான். திருடாதவன் பழிக்கு அஞ்சி உடைந்துபோகிறான். அப்புறம் தூதா என்ற பெயருடைய சாருதத்தனின் மனைவி வருகிறாள். கணவனுக்கு அடி எதுவும் படவில்லையே என்றுதான் முதலில் கேட்கிறாள். பிறகு, பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரே ரத்தின மாலையை ஈடாகக் கொடுத்துவிடுகிறாள். அதையும் நேராகக் கொடுத்தால் கணவனுக்கு வலிக்கும் என்று, நோன்புத் தானம் என்று சொல்லி அவனுடைய நண்பனிடம் கொடுக்கிறாள்.

சர்விலகனை அவள் பார்த்ததே இல்லை. அவனுடைய காதலின் கணக்கு அவள் கழுத்திலிருந்து கழிகிறது. இதைப் படித்த பிறகும் எனக்குச் சர்விலகனைப் பிடிக்கிறது. ஆனால் முன்பு மாதிரி சும்மா பிடிக்க முடியவில்லை.

என் அப்பா ஒரு நிறுவனத்தில் காசாளராக இருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது பெட்டியில் பணம் குறைந்தது. எடுத்தவர் அடுத்த மேசைக்காரர். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார், அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்தான் என்பது நாலு மாதம் கழித்துத் தெரியவந்தது. அந்த நாலு மாதமும் அப்பா தினமும் வேலைக்குப் போனார். சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது சட்டைப்பை, காற்சட்டைப்பை இரண்டையும் காவலாளி முன்னால் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு வருவாராம். காட்டச் சொல்லி எவரும் சொன்னதில்லை. உண்மை தெரிந்து சாவி திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை இழுத்துக் காட்டினார்.

இருபத்துநாலு வயதில் நான் இதைக் கதையாக எழுதினேன். எடுத்தவரைப் பற்றித்தான் எழுதினேன். ஆஸ்பத்திரி வராந்தா, மருந்துச் சீட்டு, நடுங்கும் கை எல்லாம் இருந்தது. நல்ல கதை என்றார்கள், கண் கலங்கியதாகக் கடிதங்கள் வந்தன. அப்பா படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தார். “நல்லா எழுதியிருக்கே. அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த கேஷியர் என்ன ஆனார்னு போடலியே?” என்றார். எடுத்துப் பார்த்தேன். என் கதையில் காசாளருக்கு ஒரே ஒரு வரி: ‘காசாளர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.’ அவ்வளவுதான். அப்பாவை நானே முதுகு காட்ட வைத்திருந்தேன்.

திருட்டு நடந்தால் களவு கொடுத்தவன் ஒருவன், பழி சுமப்பவன் இன்னொருவன். நமக்கு இதைச் சிலப்பதிகாரமே சொல்லியிருக்கிறது. சிலம்பை எடுத்த பொற்கொல்லனே, கள்வர்கள் கையாளும் எட்டு வழிகளைக் காவலர்களுக்கு எடுத்துச் சொல்லிக் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். திருடனே திருட்டைப் பற்றி வகுப்பெடுக்கிறான், கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிஸெராப்ள்’ நாவலில் அக்காவின் பிள்ளைகளுக்காக ரொட்டி திருடிய ழான் வல்ழானை நீங்கள் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் கதையின் தங்கையைப் பார்த்தாலே தெரிகிறது. ரொட்டிக்கு ஐந்து வருடம், தப்பிக்கப் பார்த்ததற்குப் பதினாலு, மொத்தம் 19 வருடச் சிறை. அந்த அநியாயத்தையும், அவன் திருடிய வெள்ளிச் சாமான்களை அவனுக்கே கொடுத்தனுப்பும் பிஷப்பையும் எல்லோருக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கிறது? 1862இல் வந்த மூல நாவலை எடுத்துப் பாருங்கள். பிஷப்பிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தவன், வெட்டவெளியில் ஒரு பத்து வயதுப் பையனின் நாணயத்தைக் காலால் மிதித்துக்கொள்கிறான். பையன் கெஞ்சுகிறான், அழுகிறான், பயந்து ஓடுகிறான். அவனுக்குப் பெயர்கூட இருக்கிறது, குட்டி ஜெர்வே. பசி இல்லை, தங்கை இல்லை, எந்தக் காரணமும் இல்லாத திருட்டு. அதன் பிறகுதான் வல்ழான் பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அழுகிறான். பல வருடம் கழித்துப் பெரிய மனிதனாகி மேயரான பிறகும், ஊர் வழியே போகும் அந்த மாதிரிச் சிறுவர்களைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டுக் காசு கொடுக்கிறான். அந்தப் பையன் திரும்ப வரவே இல்லை. கதையைச் சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான். பிஷப்பை விட்டுவிட மாட்டார்கள், பையனை விட்டுவிடுவார்கள். எனக்கோ பிஷப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜெர்வே இல்லாமல் வல்ழான் இல்லை.

தஸ்தயேவ்ஸ்கியைச் சொல்லாமல் விட முடியாது. ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் வந்தது. ரஸ்கோல்னிகோவ் அடகுக்காரக் கிழவியைக் கொல்வதற்கு ஒரு பெரிய சித்தாந்தமே வைத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் வந்துவிட்ட கிழவியின் தங்கை லிஸவேத்தாவைக் கொல்ல அவனிடம் எந்தச் சித்தாந்தமும் இல்லை. அவளைப் பற்றித் தனக்கு நினைப்பே வருவதில்லையே என்று அவனே ஆச்சரியப்படுகிறான். அவன் மறக்கலாம், எழுதியவர் மறக்கவில்லை. அவனை நேசிக்கும் சோனியா, செத்து உயிர்த்தெழுந்த லாசரஸ் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாளே, அந்தப் புதிய ஏற்பாடு லிஸவேத்தா கொடுத்த புத்தகம். செத்தவளின் புத்தகத்திலிருந்துதான் கொன்றவனுக்கு வெளிச்சம் வருகிறது.

உங்கள் திருடன் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கிறது. கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன், பாசம் இல்லாமல் இந்த வேலை நடக்காது. காரணத்தைக் கூட்டாதீர்கள். ஒரே ஒரு அத்தியாயத்தைக் கூட்டுங்கள். அவன் வந்துபோன வீட்டில் விடியட்டும். முதலில் எழுந்திருப்பது யார்? பீரோ திறந்து கிடப்பதைப் பார்த்து அவர் முதலில் எதைத் தேடுகிறார்? விலை உயர்ந்ததையா, வேறு ஏதாவதையா? அந்த வீட்டில் வேலை செய்கிற பெண் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து நிற்கும்போது எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள்? அவளுக்கும் ஒரு தங்கை இருக்கலாம்.

எழுதியதும் அந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள். மற்றதைப் பிறகு படிக்கிறேன்.