லாரி உரிமையாளர் கேள்வி – பதில்: எடை, பிரேக், ஓட்டுநர் ஓய்வு

கேள்வி (நாமக்கல்): என்னுடையது பத்துச் சக்கர டாரஸ், 2016 மாடல். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) லோடோடு சேர்த்து மொத்த எடை 25 டன் என்று இருக்கிறது. 2018-இல் பார அளவைக் கூட்டிவிட்டதால் 28 டன் வரை போகலாம் என்கிறார் புக்கிங் ஆபிஸ்காரர். ஏற்றலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். 2018 ஜூலை அறிவிக்கையில் உங்களுடையது போன்ற மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன் வரை உயர்த்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் சாலையில் மடக்குபவர் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் உள்ள எடையை. அது 25 என்றால் 25தான். உங்கள் வண்டியின் பிரேக், அச்சு, பட்டா (ஸ்பிரிங்) எல்லாம் அந்தக் கணக்குக்கே செய்யப்பட்டவை.

28 டன்னில் பிடிபட்டால் அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 வீதம் இன்னொரு 6,000. மிகுதிப் பாரத்தை இறக்காமல் வண்டி நகர முடியாது. இறக்குகூலியும் மாற்று வண்டி வாடகையும் உங்கள் தலையில்தான் விழும். எடை போட வர மறுத்தால் 40,000. மூன்று டன்னுக்குக் கிடைக்கும் கூடுதல் வாடகையை இதோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேண்டுமென்றே ஏற்றாதவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. காலி வண்டியின் எடையை ஆர்.சி.யில் இருந்து எடுத்துக் கழிக்கிறார்கள். பிறகு மாற்றிய பாடி, இரண்டாவது ஸ்டெப்னி, சங்கிலி, தார்ப்பாய் எதுவும் அதில் சேராது. 300 லிட்டர் டீசலே கிட்டத்தட்ட 250 கிலோ. டேங்கை நிரப்பி, சாமான்களோடு காலி வண்டியை எடைமேடையில் நிறுத்திப் புது எடை எடுங்கள். மொத்தத்தில் இருந்து அதைக் கழித்து, 200 கிலோ குறைத்து லோடு பேசுங்கள். மணலோ தென்னை நாரோ மழையில் நனைந்தால் வழியிலேயே எடை ஏறும். அதற்கு இன்னும் இடம் விடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் கம்பியை எல்லாம் பின்பக்கம் அடுக்கினால் பின் அச்சில் பாரம் மிகும், முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): தொப்பூர் இறக்கத்தில் எங்கள் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. நல்லவேளை, ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. போன மாதம்தான் எஃப்.சி. (தகுதிச் சான்றுச் சோதனை) முடித்து வாங்கினோம். எப்படி இது?

பதில்: எஃப்.சி. என்பது சோதித்த நாளின் நிலையைச் சொல்லும். நீள இறக்கத்தில் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) எவ்வளவு சூடாகும் என்பதை அது சொல்லாது. சூட்டில் டிரம் விரிந்து, அதை உரசி நிறுத்தும் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் பிடிமானமும் குறையும். அப்போது காற்று முழுதாக இருந்தாலும், பெடலை அடிவரை மிதித்தாலும் வண்டி நிற்காது.

அநேகமாக உங்கள் ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கியிருப்பார், அவரிடமே கேளுங்கள். டீசல் மிச்சமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். எலக்ட்ரானிக் எரிபொருள் அமைப்புள்ள எஞ்சினில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரிகிறது. மைலேஜுக்குத் தனிப் பேட்டா கொடுக்கிறீர்கள் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் பணம்தான் அவரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். அதே மேட்டை லோடோடு ஏற எந்தக் கியர் வேண்டுமோ, இறங்கவும் அதுதான். எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். பெடலில் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட வேண்டும். கருகிய வாடை வந்தால் சமதளமாகப் பார்த்து ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிக்கும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம்.

காலையில் கிளம்பும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. கட்டை போட்டு, காற்று நிரம்பியதும் எஞ்சினை அணைத்து, பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடி காற்று மீட்டரைப் பாருங்கள். மிதித்ததும் கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடியுங்கள். பிறகு ஏர் டேங்கின் அடிவால்வைத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ரிங்கைப் பார்க்க வேண்டும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை எல்லாச் சக்கரத்திலும் ஒரே அளவில் வையுங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் அதன் பங்கையும் மற்றவை சுமந்து சீக்கிரம் சூடேறும். ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டரைக் கையால் அடிக்கடி முறுக்க வேண்டியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, முறுக்கி மறைக்காதீர்கள்.

கேள்வி (சங்ககிரி): 1,200 கி.மீ. டிரிப்புக்கு ஒரு டிரைவர் போதாதா? எல்லாரும் அப்படித்தானே அனுப்புகிறார்கள்?

பதில்: சராசரி 45 கி.மீ. வேகம் என்றாலும் ஸ்டியரிங்கில் 27 மணி நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1961 சட்டம் வகுத்தது பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு. அந்தக் கணக்கில் ஒருவர் போய்ச்சேர நாலாவது நாளாகும். 36 மணி நேரத்தில் இறக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு ஓட்டுநர்களுக்கான வாடகையைப் பேசுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த லோடு வேண்டாம்.

ஜி.பி.எஸ்.ஸில் வேகத்தை மட்டும் பார்க்கிறோம். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் பாருங்கள். அதிகாலை 2 முதல் 5 வரை நிற்காமல் ஓடிய வண்டியின் ஓட்டுநரைக் கூப்பிட்டு, திட்டாமல், காரணம் கேளுங்கள். பாதி நேரம் காரணம் லோடிங் பாயிண்டில் பகல் முழுக்கக் காக்க வைத்ததாக இருக்கும்.

கேள்வி (ஓசூர்): ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் எந்த நிறம் எங்கே?

பதில்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒட்டினால் போதாது, சேறு படிந்தால் ஒட்டாததற்குச் சமம், டிரிப்புக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். பின்புறத் தடுப்புக் கம்பியையும் அளந்து பாருங்கள். காலி வண்டியில் தரையில் இருந்து 550 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கல்லில் இடிக்கிறது என்று உயர்த்திக் கட்டினால் மோதும் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): டிரைவர் லைசென்ஸ் காலாவதி என்று விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

பதில்: பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லி, அதை உங்களிடம் திரும்ப வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். நியாயமான அக்கறையோடு லைசென்ஸைச் சரிபார்த்தீர்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். அதனால் சாவியைக் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, தேதியோடு அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். கனரக வாகன லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கெமிக்கல், எரிவாயு டேங்கர் ஓட்டுபவருக்கு 3 ஆண்டுதான், அதற்கான பயிற்சிப் பதிவும் லைசென்ஸில் இருக்க வேண்டும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அவருக்கு லீவு கொடுத்து ஆர்.டி.ஓ. ஆபிஸுக்கு அனுப்புங்கள்.