அசோகா பெட்டி முதல் நெல் சாக்கு வரை: பேக்கிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காவிரிப் படுகையிலிருந்து வந்தவை. சட்டம் ஒரு பக்கம் நெருக்குகிறது, பெட்டி விலை இன்னொரு பக்கம் ஏறுகிறது, நடுவில் மாட்டிக்கொண்டோம் என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். பெட்டி அடிக்கும் தொழிலில் இருந்த அனுபவத்தில், தெரிந்ததைச் சொல்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

திருவையாற்றில் இனிப்புக்கடை வைத்திருக்கிறேன். அசோகா அல்வாதான் அதிகம் போகும். பெட்டியின் மேல் கண்ணாடித்தாள் சுற்றக் கூடாது என்கிறார்கள். சுற்றாவிட்டால் நெய் கசிந்து வாடிக்கையாளர்கள் கோபப்படுகிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?

அவர்கள் சொல்வது உண்மைதான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான பொருட்களின் பட்டியலில், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் மேல் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். அதில் சந்து பொந்து தேட வேண்டாம்.

ஆனால் ஃபிலிம் உங்கள் நெய்யை எப்போதுமே தடுத்ததில்லை. அட்டை நெய்யைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது. மேலே பளபளப்பாக இருந்ததால் வீட்டுக்குப் போகும்வரை யாருக்கும் தெரியவில்லை. உள்ளே பாருங்கள். பட்டர் பேப்பரை ஒரே தாளாக அடியில் போடுகிறீர்கள் அல்லவா? இரண்டு நீளத் தாள்களைச் சிலுவை போல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நான்கு வாலும் பெட்டிக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். அசோகாவை வைத்துவிட்டு நான்கையும் மேலே மடித்து மூடுங்கள். மூலைதான் கசியும் இடம், மூலையில் இப்போது இரட்டைத் தாள் இருக்கும். அப்புறம், சூடாகப் போடாதீர்கள். நீராவி அட்டையை ஊற வைத்துவிடும், பிறகு எந்தத் தாள் போட்டும் பயனில்லை. தட்டில் கொட்டி ஆறவிட்டுத்தான் பெட்டிக்குள் போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் இது சிரமம் என்று தெரியும்.

பெட்டி வாங்கும்போது இரண்டு விஷயம். வெளியே பிளாஸ்டிக் லேமினேஷன் வேண்டாம், வார்னிஷ் பூச்சு போதும் என்று அச்சகத்தில் சொல்லுங்கள். லேமினேஷன் போட்ட அட்டையைப் பழைய பேப்பர்காரரே எடுக்க மாட்டார். அச்சடித்த பக்கம் உணவில் படக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிலர் அழகுக்காக மூடியின் உட்புறத்திலும் அச்சடிக்கிறார்கள், அது தவறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி கனமாக ஆக, அதையும் சேர்த்து நிறுத்துவிடும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. எடை என்றால் பெட்டி இல்லாத நிகர எடைதான். உங்கள் கடையில் அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகளை ஆன்லைனில் விற்கிறோம். தெர்மாகோல் துண்டு போட்டு அனுப்பினால் "சுற்றுச்சூழல்" என்று விமர்சனம் எழுதுகிறார்கள். காகிதம் போட்டால் உடைகிறது. கொரியர் செலவும் கட்டவில்லை.

முதலில் சட்டம். தெர்மாகோல் தட்டு, கப் தடை; அலங்காரத்துக்கான தெர்மாகோல் தடை. பொருளைப் பாதுகாக்க வைக்கும் தெர்மாகோல் அந்த மத்தியப் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்கள் குற்றம் செய்யவில்லை. ஆனாலும் விடச் சொல்வேன். காரணம் உங்கள் கொரியர் பில்லிலேயே இருக்கிறது.

விமானத்தில் போகும் பார்சலுக்குப் பல கொரியர்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். உங்கள் பெட்டி 40×30×30 என்று எழுதியிருக்கிறீர்கள். 36,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. பொம்மை ஒரு கிலோகூட இருக்காது. நீங்கள் காற்றுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நாட்டியப் பொம்மை தனித்தனிப் பாகங்களாகக் கழன்று வருவது உங்களுக்குக் கிடைத்த வரம். பாவாடைப் பகுதி, உடல், தலை எல்லாவற்றையும் கழற்றிப் படுக்க வைத்து, நடுவே அட்டைத் தடுப்பு போட்டால் 30×25×20 பெட்டியில் அடங்கும். அதன் கணக்கு 3 கிலோ. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மாட்டும் விதத்தைப் படமாக வரைந்து ஒரு சீட்டு உள்ளே வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவே விளையாட்டாகிவிடும்.

காகிதம் போட்டால் உடைகிறது என்றீர்கள். காகிதத்தைக் கசக்கி உருட்டிப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது இரண்டு குலுக்கலில் அமுங்கி, பொம்மை உள்ளே ஆடத் தொடங்கும். பழைய அட்டைப்பெட்டிகளை வலை போல் கிழித்துத் தரும் சிறு இயந்திரம் கிடைக்கிறது. அந்த அட்டை வலையை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், கழுத்து நுழையும் அச்சில் ஒரு துணி வளையம் வையுங்கள். பிறகு சோதனை: மூடிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுங்கள், ஆறு பக்கமும் ஒரு மூலையும். மூலையில் விழுந்து பிழைத்தால் பார்சல் ஆபீசிலும் பிழைக்கும். வைக்கோல் நம் ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். உள்ளூருக்குச் சரி, வெளிநாட்டுப் பார்சலில் போடாதீர்கள், பயிர் நோய்க் கட்டுப்பாட்டில் சிக்கும்.

திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய நெல் விளைவித்து, மாப்பிள்ளைச் சம்பா அரிசியை 500 கிராம், 1 கிலோ, 5 கிலோ பாக்கெட்டில் விற்கிறேன். இ.பி.ஆர். பதிவு எடுக்கணுமா? துணிப்பைக்கு மாறிவிடலாமா?

பொருளைச் சந்தைக்கு விடுபவரே அதன் பிளாஸ்டிக் உறைக்கும் பொறுப்பு என்கிற இ.பி.ஆர். வழிகாட்டுதல் 2022 பிப்ரவரி 16-இல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களாக இருக்கும் பிராண்டு உரிமையாளர்களை அதில் விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனம் என்பதன் வரம்பு, முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி. நீங்கள் அதற்குள்தான் இருப்பீர்கள். ஆனால் பவுச் தயாரிப்பவருக்கோ, அவருக்கு மூலப்பொருள் கொடுப்பவருக்கோ அந்தச் சுமை உண்டு, அது கிலோ விலையில் ஏறித்தான் உங்களிடம் வரும்.

துணிப்பை எனக்கும் பிடிக்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் உங்கள் அரிசி தவிடு நீக்காதது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, காற்றுப் பட்டால் சிக்கு வாடை வரும். வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, அரிசி மணிக்குள்ளேயே முட்டை வைத்திருக்கும். துணிப்பையில் போட்டு இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் திறந்தால், நீங்கள் சேமித்த பிளாஸ்டிக்கைவிட வீணான அரிசி பெரிதாக இருக்கும். அதனால் இப்படிப் பிரிக்கலாம்: கடிதம் எழுதி வாங்கும் வெளியூர்க்காரருக்கு வெற்றிடப் பொதி. உள்ளூரில் வாரம் வாரம் வாங்குபவருக்குத் தகர டின்னோ பையோ, திருப்பிக் கொண்டுவந்தால் நிரப்பித் தருவது.

பவுச் கேட்கும்போது அலுமினியத் தாள் கலந்தது வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக்கும் வேறு பொருளும் ஒட்டிய உறை மூன்றாம் வகை, மறுசுழற்சியில் யாரும் விரும்பாதது. ஈரம் தடுக்க மட்டும் போதும் என்றால் முழுக்கப் பாலித்தீனாலான பவுச் நல்லது.

அச்சு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அச்சு சிலிண்டர் எடுத்து ஆயிரக்கணக்கில் அடித்து வைத்தபின் விதி மாறினால் அத்தனையும் குப்பை. வெறும் பவுச் வாங்கி நல்ல ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 500 கிராமுக்குக் கிராம் விலையும், 5 கிலோவுக்குக் கிலோ விலையும் தனியாகப் போட வேண்டும். 1 கிலோவுக்கு அதிகபட்ச விலையே கிலோ விலை, தனியாக வேண்டாம். இதைப் பலர் மறந்துவிட்டு அபராதம் கட்டுகிறார்கள்.

டீக்கடை. பேப்பர் கப் காகிதம்தானே, ஏன் பிடிக்கிறார்கள்? (மன்னார்குடி)

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழகத் தடை 2019 ஜனவரி 1-இல் வந்தபோதே அது பட்டியலில் இருந்தது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 அக்டோபரில் கப் தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. கண்ணாடி டம்ளரும் ஒரு வாளி சுடுதண்ணீரும் போதும். கும்பகோணத்தில் டபரா கழுவி ஆற்றிக் கொடுப்பதை எவரும் குறை சொன்னதில்லை.

மயிலாடுதுறையில் மெஸ். பார்சலுக்கு வாழை இலையும் செய்தித்தாளும் பயன்படுத்துகிறோம். சாம்பாருக்கு மட்டும் கவர். அதற்கு மாற்று?

இலை நன்று, செய்தித்தாள் கூடாது. 2018 உணவுப் பொதிவு விதிகளே அதைத் தடுக்கின்றன. மையும் எண்ணெயும் சேர்ந்தால் உணவுக்குள் இறங்கும். இலைக்கு மேல் வெள்ளைத் தாள் சுற்றுங்கள். சாம்பாருக்கு, தினமும் வாங்கும் அலுவலகக்காரர்களிடம் சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கு கொடுங்கள். பாதிக்கு மேல் திரும்பி வரும். திரும்பாதவருக்கு முன்பணம் உங்களிடம் இருக்கிறது.

"மக்கும் கவர்" என்று ஒருவர் விற்கிறார், வாங்கலாமா? (திருவாரூர்)

கவரில் "கம்போஸ்டபிள்" என்று அச்சு, உற்பத்தியாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று மூன்றும் உண்டா என்று கேளுங்கள். அதற்கான தரம் ஐ.எஸ். 17088. இது உங்கள் எருக்குழியில் கரைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வெப்பம் அதிகமுள்ள தொழில்முறை உரக் கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் கூடுதல் காசுக்குப் பலன் குறைவு. சான்றைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரை விட்டுவிடுங்கள்.

பெட்டி விலை குறைய வழி? ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகிவிட்டதே, பெட்டிக்காரர் ஏன் குறைக்கவில்லை? (தஞ்சாவூர், ஊறுகாய் தயாரிப்பாளர்)

2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் பெட்டி செய்ய அவர் வாங்கும் கிராஃப்ட் பேப்பர் என்கிற பழுப்புத் தாளுக்கு 18 ஆக ஏறியது. கொடுக்கும் வரி அதிகம், வாங்கும் வரி குறைவு. அவர் பணம் இடையில் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் உள்ளீட்டு வரி எடுப்பவர், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்பவர் என்றால் உங்களுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அப்படிக் கழிக்க முடியாத, காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிக்குத்தான் பலன்.

விலை குறைக்க முதலில் தராசை எடுங்கள். நூறு பெட்டி வந்தால் நாலைந்தை நிறுத்துப் பாருங்கள். சொன்ன ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) இல்லாவிட்டால் எடை காட்டிக்கொடுக்கும். கண்ணாடிப் பாட்டில் என்பதற்காகவே ஐந்து பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை போடுகிறார்கள். நடுவே குறுக்குத் தடுப்பு வைத்தால் மூன்று பிளை தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி மழையை மறக்காதீர்கள். ஒருமுறை என் சொந்தக் கிடங்கில், தீபாவளிக்கு முந்தைய வாரம், பெட்டிகளை வெறும் சிமெண்ட் தரையில் அடுக்கினேன். மேல் வரிசை அப்படியே இருக்க, அடி வரிசை ஈரத்தைக் குடித்து ஆமை போல் அமுங்கிப் படுத்துவிட்டது. அதன்பின் மரச் சட்டம் போடாமல் ஒரு பெட்டியும் கீழே வைப்பதில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஒரு பிளை கூட்டிக்கொள்வதும் தவறில்லை.

பேராவூரணியிலிருந்து தென்னை நார்த்தூள் கட்டிகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்கே புதுச் சட்டம் என்று வாங்குபவர் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதிவு விதி 2025 பிப்ரவரி 11-இல் அமலுக்கு வந்தது. அதன் பெரும்பகுதி 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். 2030-க்குள் அங்கே விற்கும் எல்லா உறையும் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கேள்வித்தாளுக்குப் பயப்படாமல் மூன்றே தகவல் தயார் செய்யுங்கள்: ஒரு கட்டிக்கு உறை எத்தனை கிராம், எந்தப் பொருள், என்ன நிறம். கறுப்பு ஃபிலிமைத் தவிருங்கள், கரிச்சாயம் கலந்த கறுப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரம் பார்க்காது. மரப் பலகைக்கு வெப்பப் பதனம் செய்த முத்திரை உண்டா என்று பாருங்கள், மரத்தின் நடுப்பகுதியில் 56 டிகிரி, 30 நிமிடம்.

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சாக்கு பழையது மலிவாகக் கிடைக்கிறது. அரிசி கட்டி விற்கலாமா? (நீடாமங்கலம்)

நெல்லுக்கு மட்டும். அதுவும் முகர்ந்து பார்த்து, உரம், மருந்து வாசனை இல்லையென்றால். அரிசிக்குப் புதுச் சாக்கு வாங்குங்கள். பழைய சாக்கில் மிச்சமிருக்கும் வண்டு, உங்கள் அரிசியைத்தான் முதலில் பார்க்கும்.