பெரியம்மாவுக்குத் தடுப்பூசி: பக்கத்திலேயே போட வழி உண்டா?

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 79 வயது. தனியாக இருக்கிறார். சர்க்கரை உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று வார்ஃபரின் சாப்பிடுகிறார். வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். ஃப்ளூ, நிமோனியா, அக்கி மூன்றுக்கும் தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார் அவருடைய டாக்டர். ஆன்லைனில் தேடினால் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய இடத்தில்தான் ஸ்லாட் காட்டுகிறது. பக்கத்தில் கிடைக்க என்ன செய்யலாம்? வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி போடலாமா?

பதில்: முதலில் அந்த ஸ்க்ரீனைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஆன்லைன் பதிவுப் பக்கத்தில் தெரிவது அந்த அமைப்போடு சேர்ந்திருக்கும் இடங்கள் மட்டும்தான், அதிலும் அந்த நிமிடத்தில் காலியாக இருப்பவை மட்டும்தான். அங்கே பெயர் இல்லாத கிளினிக் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருக்கலாம், அதன் ஃப்ரிட்ஜில் தடுப்பூசியும் இருக்கலாம். சரி, எங்கே தேடுவது? பெரியம்மா ஏற்கெனவே எங்கே போய் வருகிறாரோ அங்கே. வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு) பார்க்க ரத்தம் கொடுக்க அடிக்கடி எங்கோ போகிறார் என்று அர்த்தம், சர்க்கரைக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கிறார். அந்த இரண்டு இடங்களுக்கும் போன் போட்டு, "அடுத்த முறை வரும்போது அப்படியே ஊசியும் போட முடியுமா, இல்லையென்றால் நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள்" என்று கேளுங்கள். தனியாக ஒரு பயணம் என்பதே இல்லாமல் போகிறது, அவர் எழுந்து கிளம்ப வேண்டிய நாட்களில் ஒன்று குறைகிறது. வயதானவர்களுக்கு இதைவிடப் பக்கம் கிடையாது.

அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையம், சின்ன மருத்துவமனைகள், குடும்ப டாக்டர்கள், அப்புறம் மருந்தாளுநரே ஊசி போட அனுமதி உள்ள நாடுகளில் மருந்துக்கடை. நேரில் போய் வரிசையில் நின்று கேட்க வேண்டாம், போனே போதும். ஆனால் போனில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "தடுப்பூசி இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் எதையோ நினைத்துக்கொண்டு இல்லை என்பார். "79 வயது, வாக்கரில் நடப்பவர், நீண்ட நேரம் நிற்க முடியாது, வார்ஃபரின் சாப்பிடுகிறார், ஃப்ளூ ஊசி வேண்டும், இப்போது இருப்பில் இருக்கிறதா" என்று முழுசாகச் சொல்லுங்கள். நடமாட்டம் குறைந்தவர் என்று தெரிந்தால் கூட்டம் இல்லாத நேரத்தை ஒதுக்கித் தரும் இடங்கள் நிறைய உண்டு, கேட்காதவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். இல்லை என்று சொன்னாலும் உடனே வைத்துவிடாதீர்கள். யாராவது கேன்சல் செய்தால் கூப்பிடச் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். சில தடுப்பூசிகள் பத்து டோஸ் கொண்ட ஒரே குப்பியாக வரும், பத்துப் பேர் சேரட்டும் என்று ஒரு நாளைக் குறித்து வைப்பார்கள். அந்த நாள் எது என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பக்கம் என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். அரை கிலோமீட்டரில் இருக்கும் கிளினிக் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் அது பெரியம்மாவுக்குத் தூரம். வாசல் வரை வண்டி வருமா, வீல்சேர் இருக்கிறதா, கழிப்பறை எந்தத் தளத்தில், உட்கார நாற்காலி உண்டா, இதையெல்லாம் அதே போனில் கேட்டுவிடுங்கள். கழிப்பறையை நான் சும்மா சொல்லவில்லை. இந்த வயதில் நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெளியே கிளம்பும் நாளில் யாரிடமும் சொல்லாமல் அதை விட்டுவிடுவார்கள், அன்று முழுக்கத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள், அப்புறம் ஊசி போட்ட இடத்தில் தலைசுற்றி விழுவார்கள், பழி தடுப்பூசி மேல் போகும். பெரியம்மா அப்படி ஏதாவது மாத்திரை சாப்பிட்டால், அன்று ஒரு நாள் மட்டும் வீடு திரும்பிய பிறகு சாப்பிடலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் சாப்பாடும் வழக்கம்போலவே. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை, போகவும் கூடாது.

இப்போது கஷ்டமான கேள்வி. பக்கத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும், தூரத்தில் நாளைக்கே கிடைக்கும் என்றால் என்ன செய்வது? மூன்று ஊசிக்கும் ஒரே பதில் கிடையாது. ஃப்ளூ பருவம் பார்த்து வரும் நோய், ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆன பிறகுதான் பாதுகாப்பு ஓரளவு வரும். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் இருமிக்கொண்டிருக்கும்போது மூன்று வாரம் காத்திருந்து, அதற்கு மேல் இரண்டு வாரம் என்றால் பருவத்தின் மோசமான பகுதி அதற்குள் கடந்துவிடலாம். அப்படிப்பட்ட நேரத்தில் பெரியம்மா பயணத்தைத் தாங்குவார் என்றால் தூரத்துக்கே கூட்டிப் போங்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கு ஃப்ளூ வெறும் காய்ச்சலோடு நிற்பதில்லை. கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு அடுத்த 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு இருந்தது. பருவம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருக்கிறது என்றால் பதற்றமே வேண்டாம், பக்கத்து அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருங்கள்.

நிமோனியா, அக்கி இரண்டும் வேறு கதை. அவை இந்த மாதம்தான் வரும் என்று இல்லை, சில வாரத் தாமதத்தால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது, அதற்காக 79 வயதுக்காரரை மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார வைக்க நான் சொல்ல மாட்டேன். அக்கிக்கு இப்போது பரவலாகப் போடப்படும் உயிரற்ற தடுப்பூசி இரண்டு டோஸ், இடைவெளி 2 முதல் 6 மாதம். அதாவது தூரத்தில் தொடங்கினால் தூரத்துக்கே இன்னொரு முறை போக வேண்டி வரலாம். அதனால் அதைப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும், முதல் டோஸ் போடும் அன்றே இரண்டாவது தேதியையும் வாங்கிவிட வேண்டும். ஏதோ காரணத்தால் 6 மாதம் தாண்டிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, இரண்டாவதைப் போட்டால் போதும். நிமோனியா ஊசியில் சில வகைகள் உண்டு. 20 வகைக் கிருமிகளுக்கு எதிரானது என்றால் ஒரே டோஸ், 13 அல்லது 15 வகை என்றால் பெரும்பாலும் ஓராண்டு கழித்து 23 வகை ஊசி ஒன்று. இதற்கு முன் எதையாவது போட்டிருக்கிறாரா என்று பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள், அதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

தூரத்து ஸ்லாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொண்டே பக்கத்தில் தேடலாம், தவறில்லை. பக்கத்தில் உறுதியானதும் அன்றைக்கே பழையதை ரத்து செய்துவிடுங்கள், வேறு யாருடைய பெரியம்மாவோ அதற்குக் காத்திருப்பார்.

வார்ஃபரின் பற்றி. தாராளமாகப் போடலாம். ஐஎன்ஆர் அவருக்கு டாக்டர் வைத்திருக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சின்னதாக நீலம் பாரிக்கலாம், அது போய்விடும். ஊசிக்காக வார்ஃபரினை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் "இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போங்கள்" என்பார், கேட்காதீர்கள், துடிப்பு சீராக இல்லாதவருக்கு அந்த இரண்டு நாளில் பக்கவாதம் வரும் அபாயம் ஊசி போட்ட இடத்து ரத்தக்கட்டைவிட எவ்வளவோ பெரியது.

வாக்கரையும் இதில் சேர்த்து யோசிக்க வேண்டும், யாரும் யோசிப்பதில்லை. அவர் உடம்பின் பாரத்தைக் கைகளில்தான் போடுகிறார். ஒரே நாளில் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று போட்டுவிட்டால் மறுநாள் இரண்டு தோளும் வலிக்கும், வாக்கரை ஊன்ற முடியாது, இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுவார். ஒரே கையில் 2.5 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு இரண்டு ஊசி போடலாம், அதில் தப்பில்லை. எந்தக் கையை அதிகம் ஊன்றுகிறாரோ அதை விட்டு மற்றதில் போடச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தாலோ, டயாலிசிஸுக்காக ஒரு கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) இருந்தாலோ அந்தக் கை வேண்டாம். அக்கி ஊசி மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் முரடு, கைவலி, அசதி, குளிர்காய்ச்சல் எல்லாம் ஓரிரண்டு நாள் இருக்கலாம். பயணம் குறைய வேண்டும் என்றால் ஃப்ளூவையும் நிமோனியாவையும் ஒரே நாளில் முடித்துவிட்டு அக்கியைத் தனியாக வைத்துக்கொள்வது என் விருப்பம், கட்டாயம் இல்லை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம், வருமுன்னே கொடுத்து வைக்க வேண்டாம். அவராக ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எதையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வார்ஃபரினோடு அது ஆபத்து.

பக்கத்துக் கடையில் தடுப்பூசியை வாங்கிக்கொண்டு போய் தெரிந்த நர்ஸை வைத்து வீட்டிலேயே போட்டுவிடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பையில் வெயிலில் போனால் வீரியம் போகும், ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்து போனாலும் கெட்டுவிடும், பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அரிதாக வரும் கடுமையான அலர்ஜிக்கு உடனே போட அட்ரினலினும் கையில் இருக்க வேண்டும். படுக்கையோடு இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து போடும் சேவை சில சுகாதாரத் துறைகளிலும் மருத்துவமனைகளிலும் உண்டு, அவர்கள் குளிர்பெட்டியோடும் அவசர மருந்தோடும் வருவார்கள். பெரியம்மாவால் கிளம்பவே முடியாத நிலை வந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்யும்போது அடையாள அட்டையில் இருக்கும் பெயரையே எழுத்து பிசகாமல் கொடுங்கள், ஒவ்வொரு டோஸுக்கும் ஒரே போன் நம்பரைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த டோஸ் போடும்போது பதிவேட்டில் இரண்டு ஆட்களாக நிற்பார். தனியாக இருக்கும் முதியவர் என்பதால் இன்னொன்றும்: "உங்களுக்கு ஸ்லாட் வாங்கித் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் சொல்லக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. பெரியம்மாவுக்கு இதில் சம்மதமா? டாக்டர் சொன்னதும் நீங்கள் தேடியதும் இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று இல்லை. எந்த ஊசி எதற்கு என்று அவரிடம் சொல்லிவிட்டு, எந்த நேரம் அவருக்குத் தோது என்று அவரையே கேட்டு அதன் பிறகு பதிவு செய்யுங்கள். காலையில் மூட்டு விறைப்போடு எழுபவருக்கு எட்டு மணி அப்பாயின்ட்மென்ட் ஒரு தண்டனை.

அன்று காலை காய்ச்சலோ கடுமையான உடல்நலக் குறைவோ இருந்தால் தள்ளிப்போடுங்கள், சும்மா சளி, மூக்கொழுகல் என்றால் தள்ள வேண்டாம். முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது மூச்சுத்திணறல், முகம் வீங்குதல் வந்திருந்தால் ஊசி போடுபவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டு, கடைசி ஐஎன்ஆர் முடிவு, பழைய தடுப்பூசிச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும், தோள் வரை எளிதாக மடிக்கக்கூடிய உடை போடச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று இரவு அவர் வீட்டில் யாராவது தங்க முடிந்தால் நல்லது. வீட்டுக்கு வந்தபின் மூச்சு வாங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, ஊசி போட்ட கை வேகமாக வீங்கிக்கொண்டே போனாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.