கறுப்புத் திரையும் ஊமையான தொலைபேசியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அலுவலகக் கணக்கராக இருக்கிறேன். இலை எடை போடும் ஷெட், இலை வாட்டும் மாடி, டிரையர் பகுதி, மேலாளர் பங்களா என்று முப்பதுக்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்களை (உள் தொலைபேசிகளை), ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் ஒரு சர்வர் இணைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. அது திரும்பி வந்த பிறகும் வெளி அழைப்புகள் மட்டும் போவதில்லை. உள்ளுக்குள் பேச முடிகிறது. சர்வரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. அமைத்துக் கொடுத்தவர்கள் கோவையில் இருக்கிறார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்த நாள்களில் அவர்களால் வர முடியாது. 'கறுப்புத் திரையைத் திறந்து நாங்கள் சொல்வதைத் தட்டுங்கள்' என்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது. ஓர் எழுத்துப் பிசகினால் எல்லாம் போய்விடாதா?

பதில்: போய்விடாது. எழுத்துப் பிசகினால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று திரை சொல்லும், அவ்வளவுதான். ஆபத்து பிழையாகத் தட்டுவதில் இல்லை. பொருள் தெரியாமல் சரியாகத் தட்டுவதில்தான் இருக்கிறது. ஆகவே பார்க்கும் கட்டளை எது, மாற்றும் கட்டளை எது என்ற பிரிவை மட்டும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்டெரிஸ்கில் இதற்கு எளிய அடையாளம் உண்டு: 'ஷோ' என்ற சொல் வரும் கட்டளைகள் உள்ளதைக் காட்டுமே தவிர எதையும் மாற்றுவதில்லை. நூறு முறை தட்டினாலும் யாருடைய பேச்சும் அறுபடாது.

1999-ஆம் ஆண்டில் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர், தாம் தொடங்கிய சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணம் போதாமல் தாமே எழுதிக்கொண்ட மென்பொருள்தான் ஆஸ்டெரிஸ்க். எழுதியவர் கறுப்புத் திரையிலேயே புழங்கியவர் என்பதால், உலாவியில் திறக்கும் பலகைகள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. உங்கள் ஊரில் இதனால் ஒரு நன்மையும் உண்டு. மழை நாளில் கைப்பேசி இணையம் ஒரு நூலிழையாக ஓடும்போது உலாவிப் பலகை சுற்றிக்கொண்டே நிற்கும். வெறும் எழுத்து மட்டுமே போய்வரும் கட்டளைத் திரையோ அந்த நூலிழையிலும் பதில் சொல்லும்.

(பத்திரிகையின் வழக்கப்படி கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.)

உங்கள் சர்வரில் அடுத்தடுத்து இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலில் வருவது சர்வரின் இயங்குதளமான லினக்ஸின் கட்டளை வரி. அங்கே நிர்வாகி உரிமையுடன் 'ஆஸ்டெரிஸ்க்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொலைபேசி மென்பொருளின் உள்வாசல் திறக்கும். அங்கே வரியின் தொடக்கத்தில் சர்வரின் பெயரும், ஒரு நட்சத்திரக் குறியும், 'சி.எல்.ஐ.' என்ற மூன்று எழுத்துகளும் தெரியும். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாமல் தட்டுவதால்தான் தொடக்கக்காரர்களின் குழப்பங்களில் பாதி வருகிறது. வெளியே வர 'எக்ஸிட்' என்று தட்டினால் போதும். வெளியேறுவது நீங்கள்தான், சர்வர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி உங்கள் கோளாறுக்கு வருகிறேன். வெளி அழைப்புகளைத் தரும் நிறுவனத்திடம் உங்கள் சர்வர் அவ்வப்போது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இணையம் அறுந்தால் பதிவு தோற்கும். அப்போது ஆஸ்டெரிஸ்க் 60 விநாடிக்கு ஒரு முறை மீண்டும் முயலும். வேறு எண் குறிப்பிடப்படாவிட்டால் இப்படி 10 முறைதான் முயலும். அதன்பின் முயற்சியையே கைவிட்டுவிடும். ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் அது நடந்துவிடும். மேட்டுப்பாளையம் சாலையில் அறுந்த ஃபைபரை ஒட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வந்துவிட்டது என்று உங்கள் சர்வருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அது முயல்வதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருக்கும். உள் எக்ஸ்டென்ஷன்களுக்கு வெளியுலகமே தேவையில்லை என்பதால் அவை வழக்கம்போல் பேசும். அணைத்துப் போடும்போது எல்லாம் புதிதாகத் தொடங்குவதால் பதிவும் புதிதாக நடக்கிறது. நோய் இன்னதென்று தெரியாமலே குணமான கதைதான் இது.

அடுத்த முறை அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். உள்வாசலில் 'பிஜேசிப் ஷோ ரிஜிஸ்ட்ரேஷன்ஸ்' என்று தட்டுங்கள். ('பிஜேசிப்' என்பது இணைய வழி அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டெரிஸ்க் பகுதியின் பெயர்; பி, ஜே, எஸ், ஐ, பி என்ற ஐந்து எழுத்துகள்.) வெளி இணைப்பின் பெயரும் அதன் எதிரே நிலையும் வரும். 'ரிஜிஸ்டர்டு' என்று இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 'ரிஜெக்டட்' என்று இருந்தால், கடவுச்சொல் தவறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்முனையிலிருந்து பதிலே வராதபோதும் இதே சொல்லைத்தான் அது காட்டும். எது உண்மை என்பதை, நடந்ததையெல்லாம் ஆஸ்டெரிஸ்க் குறித்து வைக்கும் பதிவேட்டுக் கோப்பு ('லாக்') சொல்லும். அதிகபட்ச முயற்சிகள் முடிந்துவிட்டன என்று பொருள்படும் வரி அதில் இருந்தால் நான் மேலே சொன்னதேதான் நடந்திருக்கிறது. இணையம் வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு 'பிஜேசிப் செண்ட் ரிஜிஸ்டர்' என்று தட்டி, அந்தப் பட்டியலில் கண்ட பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். சில விநாடிகள் கழித்து மீண்டும் பட்டியலைப் பார்த்தால் நிலை மாறியிருக்கும். டிரையர் பகுதியில் யாரோ பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு அறுபட்டிருக்காது. நிரந்தரத் தீர்வு, அமைப்பில் முயற்சி எண்ணிக்கையை 10-லிருந்து நன்றாக உயர்த்திவிடுவது. அதைக் கோவைக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள், அது அவர்கள் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னும் இரண்டு சொற்கள் உங்களை வீணாக அச்சுறுத்தக்கூடும். 'பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்' என்று தட்டினால் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனின் நிலையும் வரும். அதில் 'நாட் இன் யூஸ்' என்று கண்டால் பதற வேண்டாம். தொலைபேசி நலமாக இருக்கிறது, தற்போது யாரும் பேசவில்லை என்பதே அதன் பொருள். கவலைப்பட வேண்டியது 'அன்அவெய்லபிள்' என்ற சொல்லுக்கு. இலை வாட்டும் மாடியின் கருவிகள் மட்டும் மொத்தமாக அப்படிக் காட்டினால், சர்வரை விட்டுவிட்டு அங்கே செல்லும் கேபிளையும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியையும் பாருங்கள். ஈரமும் எலியும் செய்த வேலையாக இருக்கலாம். அடுத்து, 'கோர் ஷோ சேனல்ஸ்' காட்டும் எண்ணிக்கை. இருவர் பேசும் ஓர் அழைப்புக்கு இரண்டு சேனல்கள் கணக்கு. நான்கு சேனல் என்றால் நான்கு அழைப்பு என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். அழைப்பின் எண்ணிக்கை தனியாகக் கீழே இருக்கும்.

மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கும் மூன்று விதம் உண்டு. 'கோர் ரீஸ்டார்ட் கிரேஸ்ஃபுல்லி' என்றால் புதிய அழைப்புகளை ஏற்காமல், நடக்கும் அழைப்புகள் முடியும்வரை காத்திருந்து மறுதொடக்கம் செய்யும். 'வென் கன்வீனியண்ட்' என்று முடித்தால் புதிய அழைப்புகளையும் ஏற்றுக்கொண்டே, எவரும் பேசாத ஒரு கணத்துக்காகக் காத்திருக்கும். எப்போதும் யாராவது பேசும் அலுவலகத்தில் அந்தக் கணம் மாலைவரை வாராது. 'நௌ' என்று முடித்தால் அந்த நொடியே எல்லாம் அறுபடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை நான் அந்த மூன்றாவதைத் தட்டினேன். அப்போது முதலாளி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடன் விலை பேசிக்கொண்டிருந்தார். அதன் பின்னர், எந்த மறுதொடக்கத்துக்கும் முன் 'கோர் ஷோ சேனல்ஸ்' தட்டாமல் நான் இருந்ததில்லை.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு விடுதியின் தொலைபேசி சர்வரை வத்தலக்குண்டிலுள்ள என் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளைத் திரையைத் திறக்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகக் கவனிக்கிறேன். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து வேலை பாதியில் நின்றுவிட்டது. பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த 'சிப் ஷோ பியர்ஸ்' என்ற கட்டளையும் இப்போது வேலை செய்யவில்லை. ஏன்?

பதில்: இணைப்பு அறுந்தால் அதில் தொடங்கிய வேலையும் பொதுவாக அத்துடன் நின்றுவிடும். ஆகவே உள்ளே சென்றதும் முதல் வேலையாக 'டீமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்' என்ற கருவியைத் தொடங்கி, அதற்குள் வேலை செய்யுங்கள். பெருமாள்மலை வளைவில் சிக்னல் போனாலும் வேலை சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்; மீண்டும் நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்று தட்டினால் விட்ட இடத்தில் அமரலாம்.

உங்கள் குறிப்பேட்டில் இருப்பது, இணைய வழி அழைப்புகளை முன்பு கையாண்ட பழைய 'சான் சிப்' பகுதிக்குரிய கட்டளை. அந்தப் பகுதி ஆஸ்டெரிஸ்கின் 21-ஆம் பதிப்பில், 2023-இல், அடியோடு நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக மேலே கோத்தகிரி அன்பருக்குச் சொன்ன 'பிஜேசிப்' கட்டளைகளைப் பயன்படுத்துங்கள். ஒன்று கேட்கிறேன்: அந்த எஸ்எஸ்எச் வாசல் இணையத்தில் யாவர்க்கும் திறந்து கிடக்கிறதா? அப்படியானால் இன்றே அதை வி.பி.என். என்ற மறையாக்கம் செய்த தனிப் பாதைக்குள் கொண்டுசென்று, கடவுச்சொல்லுக்குப் பதில், உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் சாவிக் கோப்பை வையுங்கள். தொலைபேசி சர்வருக்குள் நுழைந்தவர் கோப்பைத் திருடுவதோடு நிற்பதில்லை; விடுதியின் கணக்கில் இரவெல்லாம் வெளிநாட்டுக்கு அழைப்புகளை அனுப்பிவிடுவார்.

கேள்வி: குன்னூரில் எங்கள் அலுவலக சர்வரில் ஃப்ரீ பி.பி.எக்ஸ். (ஆஸ்டெரிஸ்கை உலாவியிலிருந்து அமைக்க உதவும் பலகை) இருக்கிறது. கட்டளைத் திரையில் கோப்பைத் திருத்தினேன். மறுநாள் திருத்தம் காணாமற்போனது.

பதில்: உங்கள் சக ஊழியர் யாரோ உலாவிப் பலகையில் 'அப்ளை' பொத்தானை அழுத்தியிருப்பார். ஃப்ரீ பி.பி.எக்ஸ். தன் தரவுத்தளத்திலிருந்து அமைப்புக் கோப்புகளை அப்போதெல்லாம் புதிதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் எழுதியதை அது அறியாது. பெயரில் 'கஸ்டம்' என்று முடியும் கோப்புகளை மட்டும் அது தொடுவதில்லை. உங்கள் அழைப்பு விதிகளை 'எக்ஸ்டென்ஷன்ஸ் கஸ்டம்' கோப்பில் எழுதி, உள்வாசலில் 'டயல்பிளான் ரீலோட்' என்று தட்டுங்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்க, அடுத்த அழைப்பிலிருந்து புதிய விதி நடப்புக்கு வரும்.